கட்டி முடித்த பிறகா கட்டுப்பாடு?
இரசாயன ஆலையை முதலில் குறைந்த செலவில் வடிவமைத்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவிகளை அப்புறம் பொருத்தலாம் என்று இந்தக் கட்டுரை சொல்வது, எண்ணெயை மெதனோல் என்ற மதுசாரத்தோடு தாக்கமுற வைத்து எடுக்கும் எரிபொருளான பயோடீசலுக்குச் சரிவராது. கொழும்புக்கு வெளியே, பாவித்த சமையல் எண்ணெயில் ஓடிய ஒரு சிறிய ஆலையில் வேலை செய்தவன் நான். வெள்ளவத்தை வடைக்கடை எண்ணெயும் பெரிய ஹோட்டல் எண்ணெயும் ஒன்றல்ல. கட்டற்ற கொழுப்பமிலம், அதாவது எண்ணெய் சிதைந்து பிரிந்து நிற்கும் அமிலம், ஒரு பரலில் 1 சதவீதத்துக்குள் நிற்கும், அடுத்ததில் 5ஐத் தாண்டும். தாக்கத்தை வேகப்படுத்தக் கார ஊக்கி போடும் ரியாக்டருக்குள் அமிலம் கூடிய எண்ணெய் போனால் சவர்க்காரம்தான் வரும், பக்கவிளைவாக வரும் கிளிசரின் பிரியாமல் கூழாக நிற்கும். மேலே கருத்து எழுதிய ஒருவர், நல்ல பிஎல்சி (ஆலையைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) போட்டால் போதும் என்கிறார். எங்களிடமும் இருந்தது! ஆனால் ரியாக்டருக்குப் போகுமுன் எண்ணெயைக் கலந்து வைக்கும் கலவைத் தாங்கியைச் சின்னதாக வைத்துக் காசை மிச்சம் பிடித்திருந்தார்கள். ஆய்கூடத்தில் அமில அளவைக் காணும் நியமிப்புச் சோதனை முடிவதற்குள் எண்ணெய் உள்ளே போய்விடும், பிஎல்சி என்ன செய்யும்? மெதனோல் மீட்பு இன்னும் தொல்லை. 1 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) எண்ணெய்க்கு 3 மோல் மெதனோல் போதுமென்றாலும் வழக்கமாக 6 போடுவார்கள், மிச்சம் வடிகோபுரத்தில் காய்ச்சி வடிக்கப்பட்டுத் திரும்பி வரும். அந்தக் கோபுரம் கொஞ்சம் தடுமாறினால் தண்ணீரும் கூடவே வந்து அடுத்த தாக்கத்தைக் கெடுக்கும். கலவைத் தாங்கி எத்தனை மணி நேரத்துக்கான எண்ணெயைப் பிடிக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டுப் பொறியியலாளரிடம் வரைபடம் போடும்போதே கேட்டிருக்கலாம். கேட்டது கொங்கிரீட் போட்ட பிறகு, அப்போது பெரிய தாங்கிக்கு இடமே இல்லை.