இதை யார் சொன்னது என்று ஒருமுறையாவது சொல்லுங்கள்

பண்டைய உலகின் பெரும்போர்களைப் பற்றி வாரந்தோறும் ஒளிபரப்பாகும் ஒரு தொலைக்காட்சித் தொடரை முதல் பகுதியிலிருந்து விடாமல் பார்த்துவருகிறேன். ஒவ்வொரு வாரமும் வயிற்றெரிச்சலோடுதான் எழுந்திருக்கிறேன். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சும் நேரமே குறைவு. அந்த நேரத்திலும் இடைவேளைக்கு முன்னால் அடுத்து வரப்போவதைக் காட்டுகிறார்கள், இடைவேளை முடிந்ததும் இதுவரை நடந்ததைத் திரும்பச் சொல்கிறார்கள். புழுதி பறக்க ஓடிவரும் அதே குதிரைகள் ஒரு வாரம் பாரசீகப் படையாகவும் மறுவாரம் கார்த்தேஜியப் படையாகவும் வருகின்றன. பணத்தட்டுப்பாடு என்று இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் திரையில் அடித்துச் சொல்லப்படும் ஒரு செய்தியை முதலில் எழுதிவைத்தவர் யார், அவர் எந்தக் காலத்தவர், யார் வீட்டுச் சோற்றைத் தின்றவர் என்பதை ஒரு பகுதியில்கூடச் சொல்லாமல் விடுவதை எப்படிப் பொறுப்பது?

கி.மு. 480-இல் கிரேக்க நாட்டின் தெர்மோபைலே கணவாயில் நடந்த போரையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு லட்சம் பாரசீகர்களை 300 ஸ்பார்ட்டா வீரர்கள் தடுத்து நிறுத்தினார்கள் என்று பின்னணிக் குரல் முழங்குகிறது. அந்தப் பதினேழு லட்சம் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தந்த கணக்கு. பத்தாயிரம் பேரை நெருக்கி நிற்கவைத்து, அவர்களைச் சுற்றி வட்டம் போட்டு, தொப்புள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, பிறகு அந்தச் சுவருக்குள் படையை மறுபடியும் மறுபடியும் நிரப்பி எண்ணினார்கள் என்று அவரே அந்தக் கணக்கு வந்த வழியையும் எழுதியிருக்கிறார். இன்றைய வரலாற்றாசிரியர்கள் அந்த எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கைத்தான் ஏற்கிறார்கள். படையை எண்ணிய அந்த விசித்திரமான முறையைக் காட்டியிருந்தாலே பார்ப்பவர்கள் சிந்தித்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். 300 என்ற எண்ணும் முழு உண்மையல்ல. முதல் இரண்டு நாட்கள் கணவாயைக் காத்தவர்கள் பல நகரங்களிலிருந்து வந்த சில ஆயிரம் கிரேக்கர்கள். கடைசி நாளில் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸுடன் தங்கி உயிர்விட்டவர்களில் தெஸ்பியா என்ற சிறிய நகரத்தைச் சேர்ந்த 700 பேர் இருந்தார்கள் என்பதை அதே ஹெரோடோட்டஸ்தான் சொல்கிறார். ஸ்பார்ட்டா வீரர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அந்த மனிதர்களின் பெயர், அவர்கள் செத்த போரைப் பற்றிய நிகழ்ச்சியில் ஒரு தடவைகூட வரவில்லை.

குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அலெக்சாந்தரின் குதிரைப்படை பாயும் காட்சியில் கேமரா வீரனின் காலுக்கு மிக அருகில் போகிறது; அவன் பாதம் சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான இரும்பு அங்கவடியில் அழுந்தி நிற்பது பளிச்சென்று தெரிகிறது. ஐரோப்பாவுக்கு அங்கவடி வந்ததோ அலெக்சாந்தர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. காலூன்ற ஆதாரமில்லாமல், தொடையின் பிடியால் மட்டுமே குதிரைமேல் இருந்துகொண்டு நீண்ட ஈட்டியால் தாக்கினார்கள் என்பதில்தான் அந்தப் படையின் திறமையே இருக்கிறது. அதைக் காட்டத் தெரியாதவர்கள் அந்தக் காட்சியை ஏன் எடுக்கவேண்டும்?

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டியது கன்னே போரைப் பற்றிய பகுதி. கி.மு. 216-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் தளபதி ஹன்னிபால் தன்னைவிடப் பெரிய ரோமப் படையைச் சுற்றிவளைத்து அழித்த கதை அது. நடுவில் கால் (Gaul) இனத்தவரையும் ஸ்பெயின் வீரர்களையும் பிறைபோல் முன்தள்ளி நிறுத்தியது, அவர்கள் மெல்லப் பின்வாங்க ரோமர்கள் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தது, இரு பக்கமும் காத்திருந்த லிபியக் காலாட்கள் திரும்பித் தாக்கியது, ரோமக் குதிரைப்படையை விரட்டிவிட்டு வந்த ஹன்னிபாலின் குதிரைவீரர்கள் பின்பக்கத்தை அடைத்தது ஆகியவற்றையெல்லாம் வரைபடத்தில் அம்புக்குறி போட்டு ஒழுங்காகத்தான் விளக்கினார்கள். அதன் பிறகு வந்ததுதான் கொடுமை. ரோமத் தளபதிகள் இருவரில் வாரோவை வாய்ச்சவடால் பேசும் மூடனாகவும், பவுலஸைத் தடுத்துப் பார்த்தும் தோற்றுப்போன அறிவாளியாகவும் நடிக்கவைத்திருக்கிறார்கள். இந்தச் சித்திரம் பெரும்பாலும் பொலிபியஸ் தந்தது. பொலிபியஸ் பிணைக்கைதியாக ரோமுக்கு வந்த கிரேக்க வரலாற்றாசிரியர். அவரை ஆதரித்து அரவணைத்தவர் ஸ்கிப்பியோ எமிலியானஸ். அவரோ கன்னேயில் இறந்த அதே பவுலஸின் பேரன். தன் புரவலரின் பாட்டனைப் பற்றி ஒருவர் எழுதும்போது பழி யார் தலையில் விழும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தோற்றுத் திரும்பிய வாரோவைத் தண்டிக்காமல், குடியரசின்மேல் நம்பிக்கை இழக்காததற்காக ரோம் நன்றி கூறியது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அதற்குப் பிறகும் வாரோவிடம் படைப்பொறுப்புகள் தரப்பட்டன. மூடன் என்றால் ரோமர்கள் இப்படி நடத்தியிருப்பார்களா? ஒரு மனிதனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கெட்டுக் கிடக்கிறது. அதைக் கேள்வி கேட்கக் கிடைத்த வாய்ப்பில் இவர்கள் மேலும் ஒரு கூடை மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

இறந்தோர் எண்ணிக்கையிலும் இதே கதைதான். பொலிபியஸ் ஏறத்தாழ 70,000 என்கிறார். லிவி 45,500 காலாட்களும் 2,700 குதிரைவீரர்களும் என்கிறார். தொடர் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிட்டது. மறுநாள் காலை களத்தில் சிலர் தாங்களே தோண்டிய குழிக்குள் முகத்தைப் புதைத்து மூச்சடைத்துச் செத்துக் கிடந்தார்கள் என்று லிவி எழுதிய ஒரு வரி, இவர்கள் பீய்ச்சியடித்த செயற்கை ரத்தம் அத்தனையையும்விட நெஞ்சைப் பிசையும். அதற்கும் இடமில்லை.

காதேஷ் போரில் எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் பெருவெற்றி பெற்றதாகக் காட்டியதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது அவரே தன் கோயில் சுவர்களில் செதுக்கிவைத்த பெருமை. போருக்குப் பிறகும் காதேஷ் நகரம் அவரை எதிர்த்துப் போரிட்ட ஹிட்டைட்டுகள் கையில்தான் இருந்தது.

கடைசியாக வந்தது அலெக்சாந்தர் பாரசீகர்களை வென்ற கௌகமேலா போர், கி.மு. 331. பாரசீக அரசன் தாரியஸ் தேரைத் திருப்பிக்கொண்டு முதலில் ஓடினான், அதைக் கண்டு படை சிதறியது என்று காட்டினார்கள். இது அலெக்சாந்தரைப் போற்றிய கிரேக்க மரபு சொல்வது. அதே நாட்களில் பாபிலோனில் வானத்தை நாள்தோறும் பார்த்துக் களிமண் பலகையில் குறித்துவந்தவர்கள் இருந்தார்கள். போருக்குப் பதினொரு நாள் முன்பு ஏற்பட்ட சந்திர கிரகணத்தை எழுதிய அதே கைகள் போரையும் எழுதியிருக்கின்றன. அரசனைப் படைவீரர்கள் கைவிட்டுத் தங்கள் ஊர்களுக்குப் போனதாக அந்தக் குறிப்பு சொல்கிறது. யார் யாரை விட்டு ஓடினார்கள் என்பதே தலைகீழாக மாறிவிடுகிறது! அந்தப் பலகை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஒரு நிமிடம் காட்டியிருக்கலாம். நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்ட பேராசிரியர் ஒருவர் ஏதோ ஒரு ஆதாரத்தைச் சொல்ல வாயெடுத்தார். இரண்டாவது வாக்கியம் தொடங்குவதற்குள் வெட்டிவிட்டு வாள் சண்டைக்குப் போய்விட்டார்கள். தயவுசெய்து அந்த வாள்களைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு அவரைப் பேசவிடுங்கள். இரண்டு தரப்பும் எழுதிவைத்ததை எங்கள் முன்னால் வையுங்கள். எதை நம்புவது என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.