அந்தக் குறளை யாருக்காக மாட்டியிருக்கிறோம்?

கோலாலம்பூரில் செந்தூலோ பிரிக்பீல்ட்ஸோ, நம் ஆள்கள் நடத்தும் ஆபீஸ்களில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு குறள் தொங்கும். பெரும்பாலும் ‘முயற்சி திருவினை ஆக்கும்’. என் அச்சகத்திலும் 6 வருடம் அதுதான் தொங்கியது. வேலை செய்கிறவர்கள் கண்ணில் படட்டும் என்று நானே ஆணி அடித்து மாட்டினேன்.

அது எந்த இடத்தில் வரும் குறள் என்று வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். 62ஆம் அதிகாரம், ஆள்வினையுடைமை. பரிமேலழகர் பகுப்பில் 39 முதல் 63 வரை 25 அதிகாரங்கள் அரசியல், ஆளுகிறவனுக்குரியவை. ஆக, சோம்பாதே என்று வள்ளுவர் முதலில் சொன்னது நாற்காலியில் இருப்பவனிடம். நான் அதை மெஷின் ஓட்டுகிறவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

பட்ட பிறகுதான் இது உறைத்தது. ஒரு தீபாவளிக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை, நாள்காட்டி என்று வந்த ஆர்டரையெல்லாம் வாங்கிப் போட்டேன். மெஷின் பார்க்கும் அண்ணன் என்னைவிட 20 வயது மூத்தவர். “தம்பி, ரோலர் தேஞ்சு போச்சு. சர்வீஸ் பண்ணாம இவ்வளவு லோடு கொடுத்தா நின்னுடும்” என்றார். எல்லார் முன்னாலும், “நீங்க உங்க வேலையைப் பாருங்கண்ணே” என்று சொல்லிவிட்டேன். 9ஆம் நாள் மெஷின் நின்றது. வேலையை வெளியில் கொடுத்து அடித்ததில் 11,000 ரிங்கிட் போனது.

பணம் அடுத்த வருடமே வந்துவிட்டது. அண்ணனுடைய பேச்சு வரவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் அடங்கிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் “சரி பாஸ்”. அதை ஒற்றுமை என்றே 2 வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்
கெடுப்பார் இலானும் கெடும்.

448ஆம் குறள். ஏமரா என்றால் காவலில்லாத என்று பொருள். கடிந்து சொல்கிற ஆளைத்தான் வள்ளுவர் காவல் என்கிறார்! வாசலில் காவலுக்கு நின்றவரை நானே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

ஹோட்டலில் நடக்கும் தலைமைத்துவப் பயிற்சிகளுக்கு நானும் போயிருக்கிறேன். எப்படிப் பேசுவது, எப்படி உடனே முடிவெடுப்பது என்று இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்டுக்கொள்வது எப்படி என்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. ‘செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்பு’ என்கிறது 389ஆம் குறள். கைப்பு என்றால் கசப்பு. கேட்க இனிக்கும் என்று வள்ளுவர் ஆசை காட்டவில்லை. கசக்கும், பொறுத்துக்கொள் என்கிறார். பழகப் பழகத்தான் வரும் வேலை அது.

அந்தப் பயிற்சிகளில் மார்க்கஸ் அரேலியஸ் பெயரும் அடிபடும். 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர். கிரேக்க மொழியில் அவர் எழுதிய குறிப்புகள் தன்னைத் தானே திருத்திக்கொள்ள எழுதியவை. அவற்றை எடுத்து ஊழியர்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. தத்துவம் முதலாளியைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

அண்ணனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவமானப்படுத்தியதும் எல்லார் முன்னாலும்தானே. இப்போது கூட்டத்தில் நான் கடைசியில்தான் பேசுகிறேன். பெரிய ஆர்டர் என்றால் அவர் முடியும் என்று சொன்ன பிறகே விலை அனுப்புகிறேன்.

போன வாரம், கவுண்டரில் சேர்ந்து 4 மாதமே ஆன தங்கச்சி, வாடிக்கையாளர் இருக்கும்போதே, “அண்ணே, இந்த விலைக்கு நமக்கு ஒன்னும் நிக்காது” என்றது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் போனதும் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். காகிதம் விலை ஏறியிருக்கிறது, நான் பழைய விலையைச் சொல்லியிருக்கிறேன். “நீ சொன்னது சரிம்மா” என்றேன்.

மெஷின் பக்கம் நின்றிருந்த அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “இன்னொன்னும் இருக்கு தம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.