தள்ளுபடி இல்லை சாமி, தள்ளிவைப்பு

கொரோனா காலத்தில் வங்கி லோன் தவணையைத் தள்ளிவைத்தவர்களைக் கிண்டலடித்து ஒருவர் போட்ட பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே போடப் போவதில்லை. "கொரோனாவுல ஆறு மாசம் லோன் கட்டாம ஓசியில உட்கார்ந்திருந்த கூட்டம்" என்கிறார். அதற்குக் கீழே கைதட்டல் வேறு.

ஓசியா? 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி, மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான். வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. எனக்கு அப்போது பாக்கி 24.5 லட்சம், எட்டரை சதவீதம், மாதம் 21,700 ரூபாய். ஆறு தவணை விட்டேன். அந்த ஆறையும் கட்டியது போக, மேற்கொண்டு 27 தவணை. ஓசி! வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு திருப்பித் தந்தது, நவம்பரில் என் கணக்கில் விழுந்தது 1,800 சொச்சம். பிரியாணி சாப்பிட்டோம்.

"உன்னை யார் தள்ளிவைக்கச் சொன்னது, விருப்பம்தானே?" என்று கேட்கப் போகிறீர்கள், தெரியும். ஏப்ரலில் பாதிச் சம்பளம் வந்தவனிடம், அப்பாவின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியின் எஸ்எம்எஸ்ஸைப் பத்து தடவை படித்தவனிடம், விருப்பம் என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். லோன் வட்டியையே விட்டுவிட்டால் டெபாசிட் போட்டவர்களுக்கு வட்டி எங்கிருந்து வரும் என்றால், அது நியாயமான கேள்வி. சரி, விடுங்கள்.

வாடகைக்கு இருந்தவர்களுக்கு இந்த ஆறு மாதத் தள்ளிவைப்புகூடக் கிடையாது. தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்காதே என்று மார்ச் 29-ல் உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. ஒரு மாதம்! அந்த வாடகையில் லோன் கட்டுகிறவன் என்ன செய்வான் என்பதற்குப் பதில் இல்லை. டெல்லியில் ஏழைகளின் வாடகையை அரசே கட்டும் என்றார் அப்போதைய முதல்வர் கேஜ்ரிவால், அது கோர்ட் படியேறியதுதான் மிச்சம்.

எங்கள் மாடியில் குடியிருந்தவர் கால் டாக்சி ஓட்டினார். மே மாதம் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, மாஸ்க்கைச் சரிசெய்தபடி நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "இப்ப இதான் இருக்குண்ணே, மிச்சத்த அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க." பரவாயில்லை தம்பி என்று சொன்னேன். சொன்னேனே தவிர, மாதாமாதம் டைரியில் எழுதிக்கொண்டேதான் வந்தேன். என்னையும் வங்கி எழுதிக்கொண்டுதானே இருந்தது!

அக்டோபரில் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார். அட்வான்ஸில் பாக்கியைக் கழித்தேன். வழக்கப்படி பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையையும் பிடித்தேன். சுவர் நன்றாகத்தான் இருந்தது, பெயின்ட் அடிக்கவே இல்லை.