மழை இல்லாத சயாம்

போன வாரம் ஒரு நண்பர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். தியேட்டர் இருட்டில் ஒரு பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். திரையில் ஓடும் போர்க்காட்சியின் வெளிச்சம் அவர் முகத்தில் விட்டுவிட்டு விழுகிறது. பக்கத்துச் சீட்டில் இருந்து பேரனோ பேத்தியோ போனில் எடுத்திருக்கிறார்கள். கீழே "முன்னாள் ராணுவ வீரரையே அழவைத்த படம்" என்று எழுதி, வரிசையாக நெருப்பு எமோஜி. ஆயிரக்கணக்கில் லைக்.

என்னால் அதை முழுசாகப் பார்க்க முடியவில்லை. நண்பருக்குப் பதிலும் போடவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போரைப் பார்த்தவர் ஒருவர் படம் பார்த்து அழுதால், உடனே அதைப் படத்துக்கான தரச்சான்றிதழாக மாற்றிவிடுகிறோம். "அவரே அழுதுட்டார்னா பாரு, எவ்வளவு தத்ரூபமா எடுத்திருக்காங்க!" ஆனால் அந்த அழுகை படத்துக்கானது என்று நமக்கு யார் சொன்னது? அவர் எதற்கு அழுதார் என்று வீடியோ எடுத்தவர் கேட்டாரா?

என் தாத்தா படைவீரர் இல்லை. துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. மலாயாவில், சிலாங்கூரில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். 1943-இல் ஜப்பானியர்களால் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டு போகப்பட்டார், பர்மாவுக்கு ரயில் பாதை போட. போர் முடிந்து சில வருடம் கழித்து சிங்கப்பூர் வந்து, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு விவரம் தெரிந்த வயதில் ஈசூன் வீட்டு ஹாலில், வாசல் பக்கம் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். தமிழ்ச் செய்தி வந்தால் டிவி பக்கம் திரும்புவார், முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சயாம் என்ற சொல்லை அவர் வாயால் நாங்கள் கேட்டதே இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு டிவியில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' போட்டார்கள். அதே ரயில் பாதையில் பாலம் கட்டும் பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பற்றி 1957-இல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். அப்பாவுக்கு ஆங்கிலப் படம் என்றால் உயிர், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைதிகள் விசிலடித்துக்கொண்டு அணிவகுத்து வந்தபோது நானும் தம்பியும் கூடவே விசிலடித்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தாத்தா பாயை விட்டு எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்.

"இது சயாமா?" என்று கேட்டார்.

ஆமாம்பா என்றார் அப்பா.

தாத்தா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏன் வெயில் அடிக்குது? மழைய காணோமே" என்றார்.

பாட்டி சமையலறையில் இருந்து வந்து டிவியை அணைக்கப் போனார். "இருக்கட்டும்" என்று தாத்தா தடுத்துவிட்டார். கடைசிவரை நின்றுகொண்டேதான் பார்த்தார். படம் முடிந்ததும் கைலியை முழங்கால்வரை தூக்கி, இடது கெண்டைக்காலின் முன்பக்கத்தை அப்பாவிடம் காட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. வெற்றிலையின் பின்பக்கம் போல வெளிறி, நரம்போடி, பளபளவென்று இருக்கும். எஸ்டேட்டில் டிராக்டர் இடித்தது என்றுதான் எங்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். "டிராக்டர் இல்லடா. அங்க மழையில புண்ணு வந்து அழுகிப்போச்சு. கரண்டியால சுரண்டினாங்க" என்றார். அவ்வளவுதான். போய்ப் படுத்துவிட்டார். ஆனால் தூங்கவில்லை. இரவு முழுக்கக் குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

பின்னாளில் தேடித் தேடிப் படித்தபோதுதான் அந்த மழை எனக்கு விளங்கியது. 415 கிலோமீட்டர் பாதையை ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடிக்கச் சொல்லி விரட்டினார்கள். 1943-இன் பருவமழை முகாம்களைச் சேற்றில் மூழ்கடித்தது. கூடவே காலரா வந்தது. எங்கள் பாட்டி பாஷையில் சொன்னால் வாந்திபேதி. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்றும், அதில் 90,000 பேர்வரை செத்திருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவில் இருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் எஸ்டேட் தமிழர்கள். கைதிகளுக்காவது படை இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது, முகாமிலேயே மருத்துவர்கள் இருந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்றைக்கும் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் அழகாகப் பராமரிக்கப்படுகின்றன. நம் ஆட்களுக்கு அத்தாப்பு ஓலைக் குடிசையும் காட்டுக்குள் ஒரு பொதுக்குழியும்தான்.

அந்தப் படத்தின் மீது பிரிட்டிஷ் கைதிகளுக்கும் கோபம் இருந்தது. பாலம் கட்டிய முகாமின் உண்மையான தலைமை அதிகாரி கர்னல் ஃபிலிப் டூசி. தன் ஆட்களைக் காப்பாற்றப் போராடியவர், முடிந்தபோதெல்லாம் வேலையைக் கெடுத்தவர். படத்தில் வரும் கர்னலோ பாலத்தின் மேலேயே பித்துப் பிடித்து எதிரிக்குக் கட்டிக் கொடுக்கிறார். எங்கள் கர்னலைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று திரும்பி வந்தவர்கள் கொதித்தார்கள். படப்பிடிப்பு நடந்தது சயாமிலும் இல்லை, இலங்கையின் கித்துல்கலவில். நிஜப் பாலத்தைக் கமாண்டோ யாரும் வெடிவைத்துத் தகர்க்கவும் இல்லை. 1945-இல் விமானங்கள் குண்டு போட்டன. பிறகு செப்பனிட்டார்கள், இன்றும் அதில் ரயில் ஓடுகிறது.

சரி, அவர்களுக்காவது "இது பொய்" என்று சண்டை போட ஒரு பாத்திரம் திரையில் இருந்தது. தாத்தாவுக்கு அதுவும் இல்லை. அவரால் கேட்க முடிந்தது மழையை மட்டும்தான்.

அதற்காக, தத்ரூபமாக எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. 1998-இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' வந்தபோது அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை ஒரு இலவசத் தொலைபேசி எண்ணைத் திறந்தது, படம் பார்த்துக் கலங்கிப்போகிறவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்காக. படத்தில் வரும் ஒமாஹா கடற்கரைக் காட்சி, பிரான்சில் 1944-இல் நடந்த சண்டை. அதில் இறங்கியவர்களுக்கு எழுபதுக்கு மேல் வயதாகிவிட்டது. ஐம்பத்து நான்கு வருஷம் கழித்து ஒரு படம் அவர்களைத் தூங்கவிடாமல் செய்யும் என்று ஒரு அரசாங்கத் துறைக்கே தெரிந்திருந்தது. போர் மனதில் விட்டுப்போகும் காயத்துக்கு மருத்துவ நூல்களில் இன்றைய பெயர் வந்ததே 1980-இல்தான். அதுவரை வீட்டில் இருந்த பெண்கள் அதைக் கோபம், குடி, ஊமைத்தனம் என்ற பெயர்களில்தான் அறிந்திருந்தார்கள்.

வீட்டில் இருந்த பெண்கள் என்றதும் எங்கள் அடுக்குமாடி ப்ளாக்கில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலாவது மாடியில் ஓர் அக்கா, தஞ்சாவூர்ப் பக்கம். அவருடைய அப்பா இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், 1999 கார்கில் சண்டையின்போது திராஸ் பக்கம் இருந்தவர். 2024 தீபாவளிக்கு அவரும் அம்மாவும் இங்கே வந்திருந்தார்கள். அப்போதுதான் 'அமரன்' வெளியாகியிருந்தது. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. அப்பாவுக்குப் பெருமையாக இருக்குமே என்று அக்கா டிக்கெட் எடுத்தார். என்னையும் கூப்பிட்டார்.

சண்டைக் காட்சிகளில் ஐயா அசையவே இல்லை. கைகட்டி உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்ததும் நான் கேட்காமலே சொன்னார்: "தம்பி, கிட்டத்துல வெடிச்சா கொஞ்ச நேரம் காதே கேக்காது. இங்க எல்லாரும் சாதாரணமா பேசிக்கிறாங்க." சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கலாமா என்றார்.

நடுவில் எழுந்து போனவர் அம்மாதான். குண்டு வெடிக்கும்போது இல்லை. முகுந்தின் மனைவி இந்து காத்திருக்கிற காட்சிகளின்போது. அக்கா பின்னாலேயே ஓடினார். படம் முடியும்வரை இரண்டு பேரும் வெளியே சோபாவில், பாப்கார்ன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாகச் சொன்னாராம். கார்கில் சண்டை நடந்த அந்த மூன்று மாதமும் தெருவில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவாராம். தந்தியைத் தன் கையால் வாங்கக் கூடாது என்று. பிள்ளைகள் "அம்மா, லெட்டர்!" என்று கத்தினால்தான் உள்ளே வருவாராம். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயசு. லெட்டர் வந்ததும் சிரித்துக்கொண்டே கத்தியது அவர்தான்.

மேஜர் முகுந்தின் குடும்பத்தைப் பற்றியும் அன்று ரொம்ப நேரம் யோசித்தேன். நமக்கு அது மூன்று மணி நேரப் படம். அவர்கள் வீட்டில் அது மகன், கணவன், அப்பா. ஊரே கைதட்டுகிற ஒரு கடைசிக் காட்சி, அந்த வீட்டில் ஒரு தேதி.

எனவே போர்ப் படமே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு இல்லாவிட்டால் அந்தத் தழும்பு எங்களுக்குக் கடைசிவரை டிராக்டராகவே இருந்திருக்கும். அப்பா அதை ஒரு கொடுப்பினையாகவே நினைத்தார். பாட்டிக்கோ கடைசிவரை கோபம் தீரவில்லை, "தூங்கிட்டிருந்த மனுஷன எழுப்பி விட்டீங்க" என்பார். இரண்டு பேர் சொன்னதும் சரி என்றுதான் எனக்கு இப்போது படுகிறது. ஆனால் அந்த இரவுக்கான விலையைக் கொடுத்தது நாங்கள் இல்லை, தாத்தா. அதனால்தான் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள் என்கிறேன். என்ன படம், அதில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வந்தால் ஓரச் சீட்டாக எடுங்கள், எழுந்து போக வசதியாக. போனைப் பைக்குள் வையுங்கள். 2017-இல் 'டன்கர்க்' படத்தைக் கனடாவின் கேல்கரி நகரில் பார்த்த 97 வயது முன்னாள் வீரர் ஒருவர், நிஜமாகவே டன்கர்க் கடற்கரையில் இருந்தவர், அழுதது உலகச் செய்தியானது. ஆனால் அவர் பதக்கங்களை அணிந்துகொண்டு தானே வந்தார், நிருபர்களிடம் தன் வாயால் பேசினார். இருட்டில் யாருக்கும் தெரியாமல் அழுகிறவரைத் திருட்டுத்தனமாக எடுப்பது வேறு.

தாத்தா விஷயத்தில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. அவர் வாழ்நாளில் தியேட்டருக்குள் காலடி வைத்ததில்லை. பக்தி, சிக்கனம் என்று நாங்களாக ஒரு காரணம் வைத்திருந்தோம். அவர் காலமான பிறகுதான் பாட்டி சொன்னார். கிள்ளானில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று நாலைந்து பேர் சேர்ந்து போயிருக்கிறார்கள். ஆள் நிறைந்ததும் கதவைப் பூட்டி, லாரியில் ஏற்றி, அங்கிருந்தே ரயில். எஸ்டேட்டில் யாருக்கும் சொல்லக்கூட இல்லை. முதலில் நான் நம்பவில்லை. இப்படிப் பிடித்துப் போனதைப் பற்றிப் போர்க்கைதிகளின் குறிப்புகளிலும் இருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். அதே 1943-இல், அக்டோபரில், இங்கே சிங்கப்பூர் கேத்தே தியேட்டரில்தான் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அவர் படையில் சேர்ந்தவர்களிலும் எத்தனையோ எஸ்டேட் பிள்ளைகள்.

பாட்டி சொல்லி முடித்ததும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். அறுபதுகளில், அப்பாவுக்குப் பதின்மூன்று வயசு இருக்கும்போது, சோங் பாங் கிராமத்துத் தியேட்டருக்கு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போவாராம். தாத்தா கூடவே நடந்து வந்து டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், உள்ளே வரமாட்டார். மூன்று மணி நேரமும் எதிர்ப்பக்கம் ரோட்டோரம் நிற்பார். மகன் கண்ட இடம் சுற்றாமல் காவல் காக்கிறார் என்று அப்பாவுக்கு அப்போது எரிச்சலாக வருமாம். இடைவேளையில் எட்டிப் பார்த்தால் டிக்கெட் கிழிப்பவரிடம் தாத்தா ஏதோ பேசிக்கொண்டிருப்பார். என்ன பேசினார் என்று அப்பா ஒருநாள் அந்த ஆளிடமே கேட்டிருக்கிறார்.

"பக்கத்துக் கதவு தொறந்துதானே இருக்குன்னு கேட்டாரு" என்றாராம்.