அம்மாவின் கெயரரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

லண்டனில் அம்மா அப்பாவை 'எக்ஸ்ட்ரா கெயார்' வீட்டில் விட்டிருக்கும், விடலாமா என்று யோசிக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

இது கெயார் ஹோம் இல்லை. அம்மாவுக்குத் தனி வீடு, தனிக் கதவு, அவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம். கட்டடம் பெரும்பாலும் ஒரு ஹவுசிங் அசோசியேஷனுடையது, அதாவது லாப நோக்கில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு. இரவு பகலாகக் கெயரர்கள், அதாவது பராமரிக்கும் ஆட்கள், கட்டடத்துக்குள்ளேயே இருப்பார்கள் என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் கெயரர்களைப் பல இடங்களில் கட்டடத்துக்காரர் வேலைக்கு வைப்பதில்லை. கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, டெண்டர் விட்டு ஒரு கம்பெனியிடம் கொடுக்கிறது. குழாய் ஒழுகினால் ஒருவரிடம் சொல்ல வேண்டும், காலை மாத்திரை பிந்தினால் இன்னொருவரிடம்.

சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த ஒப்பந்தம் முடியும், மறுபடி டெண்டர் வரும். அம்மா இருக்கும் கட்டடத்தில் அப்படித்தான் கம்பெனி மாறியது. வேலை செய்தவர்களின் சம்பளமும் நிபந்தனைகளும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுக் கம்பெனிக்கு அப்படியே போகும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் வேலை நேர அட்டவணை மாறியது, மாறியதும் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அம்மாவுக்குக் காலில் நீர் கோர்க்கும். இறுக்கமான சொக்ஸைக் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், நடந்து வீங்கிய பிறகு ஏறாது. முன்பு வந்த பிள்ளை விடியவே வந்து, பாதத்தைத் தன் மடியில் வைத்து, தமிழில் கதைத்துக்கொண்டே போட்டுவிடும். இப்போது ஒன்பது மணிக்குத்தான் ஆள் வருகிறார். மறதி கூடக் கூட அம்மாவிடமிருந்து இங்கிலீஷ் போய்விட்டது. வருபவர் கேட்பது அம்மாவுக்கு விளங்குவதில்லை. "அந்தப் பிள்ளை ஏன் வாறேல்லை?" என்று என்னைக் கேட்கிறார். வீடு அவருடையது, கால் அவருடையது. கம்பெனி மாறும்போது அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெண்டரில் விலைக்கு இவ்வளவு புள்ளி, தரத்துக்கு இவ்வளவு புள்ளி என்று பிரிப்பார்கள். தரத்தை அளப்பது பெரும்பாலும் கம்பெனி எழுதிக் கொடுக்கும் பதில்களை வைத்துத்தான். நன்றாக எழுதத் தெரிந்தவருக்குப் புள்ளி. அப்புறம் விலை. 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. அதே மாதம் ஆட்களின் சம்பளத்துக்கு மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்திலிருந்து 15க்கு ஏறியது. சம்பளத்தைக் குறைக்க முடியாது என்றால், மலிவாகக் கேட்ட கம்பெனி எதைக் குறைக்கும்? ஆட்களைத்தான், நேரத்தைத்தான். கவுன்சிலிடம் காசு இல்லை என்பதும் பொய்யில்லை. 2020இல் குரொய்டன் கவுன்சிலும் 2023இல் பர்மிங்ஹாம் கவுன்சிலும் காசில்லை என்று கையை விரித்ததைப் பார்த்தோம். ஆனாலும் அந்தச் சுமையை எண்பது வயதுக்காரரின் காலை நேரத்தில் இறக்குவது நியாயமே இல்லை.

ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதும் முக்கியம். கட்டடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று மொத்தமாக வாங்கினால், யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். தனித்தனி மணிக்குக் காசு என்றால், இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் படுத்தாலே கம்பெனி ஆளைக் குறைக்கப் பார்க்கும். இரவும் அப்படித்தான். விழித்திருந்து வேலை செய்பவருக்கு ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். படுத்துத் தூங்கி, கூப்பிட்டால் எழும்புபவருக்கு அது கட்டாயமில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் கட்டடத்தில் இரவில் இருப்பவர் எந்த வகை என்று கேட்டிருக்கிறீர்களா?

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மலிவானதைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டம், இப்படியான பராமரிப்புச் சேவைகளில் யார் வர வேண்டும், எப்படி, எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அதைப் பெறுபவர்கள் சொல்வதற்கே புள்ளி கொடுக்கலாம் என்கிறது. குடும்பத்தில் பார்த்துக்கொள்பவர்களின் கருத்துக்கும் அப்படியே. அதாவது அம்மாவின் மொழிக்கும், பழகிய ஆளுக்கும், விடியவே வருவதற்கும் புள்ளி போட வழி இருக்கிறது. போடுவதும் போடாததும் கவுன்சிலின் விருப்பம். நாம் கேட்காதவரை ஏன் போடப் போகிறார்கள்?

டெண்டர் வெளியே வந்த பிறகு கத்திப் பெரிய பலன் இல்லை, விதிகளை அதற்கு முன்பே எழுதி முடித்திருப்பார்கள். அதனால் இந்த வாரமே கவுன்சிலுக்கு ஒரு தகவல் உரிமைக் கேள்வி அனுப்புங்கள். இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கட்டடத்துக்கு மொத்தமாக எத்தனை மணி நேரம் வாங்கியிருக்கிறார்கள், இரவில் இருப்பவர் விழித்திருப்பவரா, அடுத்த டெண்டரில் குடியிருப்பவர்களின் கருத்துக்கு எத்தனை புள்ளி. பொதுவாக 20 வேலை நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதக் கஷ்டம் என்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நான் அனுப்பியதையே தருகிறேன், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.