கோச்சைத் தூக்கினால் கப் வந்துவிடுமா?

2025-இல் அமெரிக்க NBA கூடைப்பந்து டீம் நியூயார்க் நிக்ஸ் தன் கோச் டாம் திபடோவைத் தூக்கியதற்கு என் கமெண்ட்டில் வந்து பட்டாசு வெடித்தவர்களே, நல்லா இருங்க. "விசில் ஊதத் தெரியாதவன் எல்லாம் பேசக் கூடாது" என்று ஒருவர். சரி, பேசவில்லை. எழுதுகிறேன்.

நியூயார்க் நிக்ஸ் 2000-க்கு அப்புறம் கிழக்குப் பிரிவு இறுதிக்கு வந்ததே அந்த வருஷம்தான். அதில் இந்தியானா டீமிடம் தோற்ற மூன்றாம் நாள், கொண்டுவந்து சேர்த்த மனிதருக்குக் கும்பிடு. அந்த மேட்ச்சுகளைக் காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தவன் நான். ஆட்டக்காரர்களை மாற்றினால் ஆயிரம் கான்ட்ராக்ட் இடிக்கும். கோச்சை மாற்ற ஓர் அறிக்கை போதும்.

மறுபடியும் சொல்கிறேன், ஜெயிப்பது ஆட்டக்காரர்கள். சான் அன்டோனியோ டீமுக்குக் கோச்சாக இருந்த போபோவிச்சைப் பாருங்கள். 1996-97 சீசன் நடுவில் பொறுப்பேற்றார். நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயத்தில் உட்கார்ந்துவிட, சான் அன்டோனியோவுக்கு மொத்தமே 20 வெற்றி. அடுத்த வருஷம் டிம் டங்கன் என்ற புது ஆட்டக்காரர் வந்தார், 56 வெற்றி. ஐந்து கோப்பை வாங்கிய அதே போபோவிச்சுக்கு 2022-23-இல் 22 வெற்றி, அடுத்த வருஷமும் 22. நடுவில் மூளையை யாராவது கழற்றிவிட்டார்களா?

"கோச் பிளாட்டைத் தூக்கித்தானே கிளீவ்லாந்து 2016-இல் ஜெயித்தது?" ஜெயித்தது ஆட்டக்காரர் லெப்ரான்.

"கோச் ஃபில் ஜாக்சனுக்கு 11 கோப்பை!" ஜோர்டன், ஷாக், கோபி என்று ஆடுகிற மூவரையும் கொடுங்கள், என் மாமனாரே நாலு வாங்கித் தருவார். ஜாக்சன் வரும்வரை ஜோர்டனுக்கு ஒன்றுகூட இல்லையே என்பீர்கள். அது கிடக்கட்டும்.

வடசென்னையில் எங்கள் பள்ளி டீமில் உயரமானவனே நான்தான், ஐந்தடி எட்டு. ஆறடிப் பையன்கள் இருவரை ஹாஸ்டல் இலவசம் என்று வேறொரு பள்ளி அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஜோனல் ஃபைனலில் தோற்றோம். மறுவாரமே எங்கள் கோச் சாரை வேண்டாம் என்றுவிட்டார்கள். கோச்சிங் சரியில்லையாம். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, எகிறினால் எதிரணிக்காரன் முழங்கை என் கண்ணுக்கு நேரே வரும். அதற்கு என்ன கோச்சிங் கொடுப்பது? புது மாஸ்டர் வந்த வருஷம் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தோம். அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

மழை பெய்த மறுநாள், நாங்கள் வருவதற்குள் சார் கோர்ட்டில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று வட்டம் போட்டு வைத்திருப்பார். என் வட்டம் மட்டும் ரிங்குக்குக் கொஞ்சம் பக்கத்தில். "நீ எகிற வேண்டாம்டா, இடத்தைப் பிடி." அவர் போனபின் அந்தத் தண்ணீர் பத்து மணி வரை அப்படியே நிற்கும். நாங்கள் ஓரமாக உட்கார்ந்திருப்போம்.

"அப்போ கோச் முக்கியம்தானே?" என்று இதைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தீர்கள் என்றால், பிளாக்தான்.