2520 மட்டும்தானா?

மேல ஒருத்தர் போட்டிருக்காரு, 1லேர்ந்து 10 வரைக்கும் எல்லா எண்ணாலயும் மீதியில்லாம வகுபடுற ஒரே நம்பர் 2520தான்னு. வாட்ஸ்அப்ல ரொம்ப நாளா சுத்துற மெசேஜ்தாங்க இது, ஆனா பாதிதான் சரி. அப்படி வகுபடுறதுலயே சின்ன நம்பர் 2520, ஒரே நம்பர் இல்ல. டவுட்டா இருந்தா ஃபோன்ல கால்குலேட்டரத் திறந்து 5040ஐ 7ஆல வகுத்துப் பாருங்க 720 வரும், 8ஆல 630, 9ஆல 560, எதுலயும் புள்ளி வராது. 7560ம் அப்படித்தான், 2520ஐ கூட்டிக்கிட்டே போனா முடிவே இல்லாம வந்துகிட்டே இருக்கும். ஸ்கூல்ல மீச்சிறு பொது மடங்குன்னு படிச்சோமே (எனக்கு அதுல எப்பவும் மார்க் போகும்), அதேதான், 5, 7, 8, 9 நாலையும் பெருக்குனா 2520, மத்ததெல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடும்.